ஆயிரத்தில் ஒரு பங்கு

காட்டுப்பள்ளிக்குப் போகிறவர்கள் கண்ணில் முதலில் படும் எதுவும் சிறியதாக இராது. சென்னைக்கு வடக்கே, எண்ணூர் முகத்துவாரத்தைத் தாண்டி, ஒரு புறம் வங்கக் கடலும் மறுபுறம் உப்பங்கழியுமாக நீண்டு கிடக்கும் மணல் திட்டு அது. அதன்மேல் ஒரு துறைமுகம் இருக்கிறது. கப்பல் கட்டும் தளம் இருக்கிறது. 2010-ஆம் ஆண்டு ஜூலையில் திறக்கப்பட்டு, கடல் நீரிலிருந்து நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் குடிநீர் தரும்படி அமைக்கப்பட்ட ஆலையும் இருக்கிறது. அத்திப்பட்டுப் பக்கம் வடசென்னை அனல் மின்நிலையத்தின் புகைபோக்கிகள் வானத்தை முட்டுகின்றன. அங்கிருந்து புறப்படும் கம்பிகளில் ஓடும் மின்சாரத்தின் அழுத்தம் 2,30,000 வோல்ட். சிலவற்றில் 4,00,000 வோல்ட். நம் வீட்டுச் சுவரில் இருப்பது 230 வோல்ட்தான். அதற்கே நாம் கையை உதறிக்கொண்டு நாலு பேரிடம் கதை சொல்கிறோம்!

ஆயினும் இந்தப் பிரம்மாண்டங்கள் எல்லாம் சுகமாக இருக்கின்றனவா, நோய்ப்பட்டிருக்கின்றனவா என்று தெரிந்துகொள்ள அங்குள்ள பொறியாளர்கள் பார்க்கும் எண்கள் வேறு. அவை வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கையும், பத்து லட்சத்தில் ஒரு பங்கையும் பற்றியவை. உலையில் உஷ்ணம் ஒரு டிகிரி ஏறிற்று என்று சொல்லும் கருவி, ஒரு வோல்ட்டைப் பத்து லட்சமாகப் பகுத்து அதில் சுமார் நாற்பது பங்கை உணர்ந்து சொல்கிறது. வெளியே கம்பியில் போகும் நாலு லட்சம் வோல்ட்டுக்கும் உள்ளே அந்தக் கருவி உணரும் நாற்பது பங்குக்கும் உள்ள தாரதம்மியம் ஆயிரம் கோடி மடங்கு. இரண்டையும் ஒரே சுற்றுச்சுவருக்குள் அளக்க வேண்டியிருக்கிறது. ஆகவேதான் சிறு அலகுகளை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் கணக்கு, பள்ளிப் பரீக்ஷையோடு தீர்ந்துவிடுகிற விஷயம் அன்று.

ஏணி மிக எளியது. ஒரு வோல்ட்டை ஆயிரமாகப் பங்கிட்டால் ஒரு பங்கு மில்லிவோல்ட். மில்லிவோல்ட்டை ஆயிரமாக்கினால் மைக்ரோவோல்ட். அதையும் ஆயிரமாக்கினால் நானோவோல்ட். ஒவ்வொரு படிக்கும் ஆயிரம். பதினாறு அணா ஒரு ரூபாய், பன்னிரண்டு தம்பிடி ஓர் அணா, ஆகவே ரூபாய்க்கு நூற்றுத் தொண்ணூற்றிரண்டு தம்பிடி என்று மனப்பாடம் செய்த நம் பாட்டனார்களுக்கு இது விளையாட்டாக இருந்திருக்கும். 1957-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி தசமக் காசு வந்த பிறகுதான் நாம் பத்து, நூறு, ஆயிரம் என்று சௌகரியமாக எண்ணத் தொடங்கினோம். பழந்தமிழ்க் கணக்கில் முந்திரி என்பது 320-இல் ஒரு பங்கு; அந்த முந்திரியையே மறுபடியும் 320-ஆல் வகுத்தால் கீழ்முந்திரி, அதாவது 1,02,400-இல் ஒரு பங்கு. இத்தனை நுண்ணிய பின்னத்துக்குப் பெயர் வைத்துக் கணக்கெழுதிய ஜனங்களின் வம்சத்தார், ஆயிரத்தால் பெருக்குவதா வகுப்பதா என்று இன்று தலையைச் சொறிகிறார்கள்.

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. 0.85 வோல்ட்டை மில்லிவோல்ட்டாக மாற்று என்றால், என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் 850 என்று எழுதுவார்கள், மற்றவர்கள் 0.00085 என்று எழுதுவார்கள். 'மில்லி என்றால் சிறியது, ஆகவே எண்ணும் சிறியதாக வேண்டும்' என்பது அவர்கள் வாதம். புள்ளியை மூன்று இடம் நகர்த்த வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். எந்தப் பக்கம் என்பதற்குக் காரணத்தைச் சொல்லிக் கொடுக்கவில்லை. காரணம் சமையல் அறையில் இருக்கிறது. ஒரு படி அரிசியை உழக்கால் அளந்தால் நாலு தரம் அளக்க வேண்டும்; ஆழாக்கால் அளந்தால் எட்டுத் தரம். அளக்கும் பாத்திரம் சிறுத்தால் எண்ணிக்கை பெருக்கும். இதை ஒரு முறை மனத்தில் வாங்கிக்கொண்ட பிள்ளை, 47 மைக்ரோவோல்ட்டை மில்லிவோல்ட்டாக்கும்போது பாத்திரம் பெரிதாகிறது, ஆகவே எண் குறைய வேண்டும் என்று தானே கண்டுபிடிக்கும்: 0.047. புள்ளிக்குப் பின்னால் உள்ள அந்தப் பூஜ்யத்தை விழுங்கிவிட்டால் 0.47 ஆகிவிடும், அது பத்து மடங்கு பொய். வோல்ட்டில் எழுதினால் 0.000047. இத்தனை பூஜ்யங்களை எண்ணிக்கொண்டு எவரும் இரவு வேலை பார்க்க முடியாது. சிறு அலகுகளைப் படைத்ததே அந்தப் பூஜ்யங்களிலிருந்து தப்புவதற்காகத்தான்.

இனிக் கப்பலுக்கு வருவோம். காட்டுப்பள்ளித் தளத்தில் நம் கடலோரக் காவல் படைக்கான ரோந்துக் கப்பல்கள் கட்டப்பட்டிருக்கின்றன. 2022-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் 'சார்லஸ் ட்ரூ' என்ற அமெரிக்கக் கடற்படைக் கப்பல் பழுது பார்த்துக்கொள்ள அங்கே வந்தது. அமெரிக்கக் கடற்படைக் கப்பலொன்று இந்தியத் துறையில் பழுது பார்க்கப்பட்டது அதுவே முதல் முறை. எந்த நாட்டுக் கப்பலானாலும் கடல் அதற்குச் செய்வது ஒன்றுதான்: இரும்பைத் தின்னுகிறது. எஃகு உப்பு நீரில் கிடக்கும்போது அதன் மேற்பரப்பில் எண்ணற்ற சிறு மின்கலங்கள் தோன்றுகின்றன. ஓரிடம் கரைகிறது, பக்கத்து இடம் பிழைக்கிறது. துரு என்று நாம் சொல்வது இந்த மின்சார வியாபாரத்தின் கழிவு.

வியாபாரத்தை நிறுத்த வழி கண்டவர் ஸர் ஹம்ப்ரி டேவி. அந்தக் காலத்து ஆங்கிலக் கப்பல்கள் மரத்தால் ஆனவை. புழு துளைக்காதிருக்க அடிப்பாகத்தில் செப்புத் தகடு போர்த்தியிருப்பார்கள். கடல் நீர் செம்பை அரித்தது. செம்போடு ஒரு துண்டுத் துத்தநாகத்தையோ இரும்பையோ பிணைத்துவிட்டால், அந்தத் துண்டு தான் கரைந்து செம்பைக் காக்கும் என்று டேவி 1824-ஆம் ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டியில் நிரூபித்தார். செம்பு பிழைத்தது. ஆனால் விதியின் கேலியைப் பாருங்கள்! செம்பு சிறிது சிறிதாகக் கரைந்து வந்ததால்தான் அதன் விஷத்துக்கு அஞ்சிப் பாசியும் சிப்பியும் ஒட்டாமல் இருந்தன. கரைவது நின்றதும் அவை கூட்டம் கூட்டமாகக் குடியேறின. கப்பல் நகர மறுத்தது. கடற்படையார் டேவியின் துண்டுகளைக் கழற்றி எறிந்தார்கள். பின்னர் இரும்புக் கப்பலின் காலத்தில் அதே துண்டு மறுபடியும் வந்து ஒட்டிக்கொண்டது. இன்று கப்பலின் அடியில், சுக்கான் பக்கத்திலும் சுழல் விசிறிப் பக்கத்திலும், துத்தநாகக் கட்டிகளோ அலுமினியக் கலவைக் கட்டிகளோ வரிசையாகப் பொருத்தப்பட்டிருப்பதைக் காணலாம். ஆனோடு என்பது தொழிலாளிகள் அவற்றுக்குச் சொல்லும் பெயர்.

இந்தக் காவல் போதுமா என்று எப்படி அறிவது? வெள்ளியும் வெள்ளிக் குளோரைடும் கொண்ட ஒரு சிறு மின்முனையைக் கப்பலின் பக்கத்தில் நீரில் தொங்கவிட்டு, அதற்கும் கப்பலின் உடம்புக்கும் இடையே மின்னழுத்தத்தை அளக்கிறார்கள். காவலற்ற எஃகு கடல் நீரில் காட்டுவது சுமார் கழித்தல் 600 முதல் 650 மில்லிவோல்ட். கழித்தல் 800-க்குக் கீழே இறக்கிவிட்டால் அரிப்பு ஏறக்குறைய நின்றுவிடும். 'அப்படியானால் இன்னும் இறக்கலாமே' என்று நினைக்கக் கூடாது. கழித்தல் 1100-ஐத் தாண்டினால் எஃகின் மேல் ஹைட்ரஜன் உண்டாகிறது, பூச்சு உரிகிறது, உறுதி மிகுந்த சில எஃகு வகைகள் நொறுங்கும் தன்மை அடைகின்றன. ஆக, கோடிக்கணக்கான ரூபாய் பெறும் கப்பலின் ஆயுள் 300 மில்லிவோல்ட் அகலமுள்ள சந்துக்குள் நடக்க வேண்டியிருக்கிறது. ஒரு டார்ச் விளக்கு மின்கலத்தின் அழுத்தத்தில் அது ஐந்தில் ஒரு பங்கு.

இங்கேதான் அலகு மாற்றுவதில் உள்ள சூக்ஷ்மம் வெளிப்படுகிறது. ஒருவர் கருவியில் 0.8 வோல்ட் என்று பார்க்கிறார். பதிவேட்டில் மில்லிவோல்ட் கட்டம் இருக்கிறது. ஆயிரத்தால் பெருக்கி 800 என்று எழுதிவிடுகிறார். கணக்கு சரி, பதிவு சரியல்ல. தசமத்துக்குப் பின் ஓர் இடம் மட்டும் காட்டும் கருவியில் 760-உம் 0.8 தான், 840-உம் 0.8 தான். முதலாவது காவல் போதாத கப்பல். இரண்டாவது சுகமான கப்பல். பெருக்கும்போது முளைத்த இரண்டு பூஜ்யங்கள் அளந்து கிடைத்தவை அல்ல, காகிதத்தில் பிறந்தவை. அலகை மாற்றுவதால் கருவிக்குக் கூடுதல் கண் முளைத்துவிடாது. இதைப் பள்ளிப் புத்தகங்கள் ஏனோ மாணவர்களிடம் சொல்லுவதில்லை.

மற்றொரு மாற்றமும் உண்டு. சில துறைமுகங்களில் வெள்ளி மின்முனைக்குப் பதிலாகத் துத்தநாகத்தையே அளவுகோலாகத் தொங்கவிடுவார்கள். அப்போது வெள்ளிக் கணக்கின் கழித்தல் 800, துத்தநாகக் கணக்கில் கூட்டல் 250 ஆகிறது. அலகு மாறவில்லை; இரண்டும் மில்லிவோல்ட்தான். பூஜ்யம் வைத்த இடம் மாறிவிட்டது. கடல் மட்டத்திலிருந்து இத்தனை அடி, மலையடிவாரத்திலிருந்து இத்தனை அடி என்று ஒரே சிகரத்துக்கு இரண்டு உயரம் சொல்வது போன்றது இது. எதிலிருந்து அளந்தது என்று சொல்லாத மின்னழுத்தம், ஊர்ப்பெயர் எழுதாத கடிதத்துக்குச் சமம்.

இந்தச் சாஸ்திரத்துக்கு நம் நாட்டில் ஒரு தலைமைப் பீடம் உண்டு. அது இருப்பது காரைக்குடியில். வள்ளல் அழகப்பச் செட்டியார் முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து லட்ச ரூபாயும் கொடுக்க, சுதந்திரம் வந்து ஓராண்டு நிறைவதற்குள், 1948-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆம் தேதி பண்டித ஜவாஹர்லால் நேரு மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சிக் கூடத்துக்கு அடிக்கல் நாட்டினார். 1953-ஆம் ஆண்டு பொங்கல் திருநாளில் டாக்டர் ராதாகிருஷ்ணன் அதைத் திறந்து வைத்தார். மண்டபத்தில் கடற்காற்றிலும் கடல் நீரிலும் உலோகங்களை வைத்து அவை எப்படி அரிக்கப்படுகின்றன என்று அதன் விஞ்ஞானிகள் ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். மூவாயிரத்து ஐந்நூறு மைலுக்கு மேல் கடற்கரை உள்ள தேசம், துருவைப் பற்றிய அறிவை வெளியிலிருந்து இறக்குமதி செய்துகொண்டிருக்க முடியாது என்று அந்நாளிலேயே சிலர் உணர்ந்திருக்கிறார்கள்.

குடிநீர் ஆலையில் நடப்பதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நீர் புளிப்புப் பக்கம் சாய்கிறதா, காரப் பக்கம் சாய்கிறதா என்று பார்க்கும் 'பி.எச்.' கருவி உண்மையில் ஒரு மில்லிவோல்ட் மானியே. மெல்லிய கண்ணாடிக் குமிழ் ஒன்று நீரில் மூழ்கி நிற்கும். 25 டிகிரி உஷ்ணத்தில், பி.எச். ஓர் எண் மாறினால் அதன் அழுத்தம் சுமார் 59 மில்லிவோல்ட் மாறும். நடுநிலையில், அதாவது ஏழில், ஏறக்குறைய பூஜ்யம். கருவியின் உள்ளே ஒரு வகுத்தல் கணக்கு நடந்து, வெளியே 7.2 என்றோ 8.1 என்றோ தெரிகிறது. அந்த 59-ஐ யாரேனும் மைக்ரோவாகப் பதித்துவிட்டால், குடங்களில் வந்து சேருவது குடிக்கத் தகுந்த நீராக இருக்குமென்று உத்தரவாதம் இல்லை.

அனல் நிலையத்தின் கதை இதைக் காட்டிலும் ரசமானது. இரண்டு வேறு உலோகக் கம்பிகளை நுனியில் சேர்த்து, அந்த நுனியைச் சூடு செய்தால் கம்பிகளின் மறு முனைகளுக்கிடையே அழுத்தம் பிறக்கிறது என்ற விளைவை ஸீபெக் என்ற ஜெர்மானியர் 1821-இல் கண்டார். கொதிகலக் குழாய்களின் உஷ்ணத்தை இன்றும் அப்படித்தான் பார்க்கிறார்கள். தெர்மோகப்பிள் என்பது அதன் பெயர். பாதரச உஷ்ணமானியை அந்த உலையில் நீட்டினால் என்ன ஆகும் என்று நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம். வழக்கமாகப் பயன்படும் குரோமல்–அலுமெல் ஜோடி, மறு முனை பூஜ்ய டிகிரியில் இருக்க, நுனி 540 டிகிரியில் இருந்தால் 22.350 மில்லிவோல்ட் தரும். அந்த உஷ்ணத்துக்கு அருகில் டிகிரிக்கு சுமார் 43 மைக்ரோவோல்ட்.

ஆனால் காட்டுப்பள்ளிப் பக்கத்தில் எந்த அறையில் பூஜ்ய டிகிரி இருக்கிறது? மறு முனை இருக்கும் இடம் 30 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அந்த முப்பது டிகிரிக்குரிய 1.203 மில்லிவோல்ட் குறைந்து, கருவிக்கு 21.147 மட்டுமே வந்து சேரும். குறைந்ததைக் கூட்டிக்கொள்ளாமல் அட்டவணையைப் பார்த்தால் 512 டிகிரி என்று தெரியும். 'சூடு போதவில்லை' என்று நினைத்து, காட்டும் எண் 540 ஆகும்வரை உலையை ஏற்றினால், குழாயின் உண்மையான உஷ்ணம் 568-க்குப் போய்விடும். எஃகுக் குழாய் அதைச் சில நாள் பொறுக்கும், நெடுநாள் பொறுக்காது. இதற்காகவே இன்றைய கருவிகளில் அறையின் உஷ்ணத்தைத் தாமே அறிந்து கூட்டிக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறது. ஒன்றேகால் மில்லிவோல்ட்டுக்கும் குறைந்த ஒரு தொகைக்காக இத்தனை ஏற்பாடு!

அலகுகளின் எழுத்தைப் பற்றி ஒரு குறை சொல்ல வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்தில் சிறிய எம் எழுத்து மில்லியைக் குறிக்கும்; பெரிய எம் எழுத்து மெகாவை, அதாவது பத்து லட்சத்தைக் குறிக்கும். இரண்டுக்கும் இடையே நூறு கோடி மடங்கு வித்தியாசம். ஓர் எழுத்தின் தலை பெரிதா சிறிதா என்பதை நம்பி இவ்வளவு பெரிய வித்தியாசத்தை ஒப்படைத்திருக்கிறார்கள்! மைக்ரோவுக்குக் கிரேக்க எழுத்தான மியூ. அது எல்லா அச்சிலும் கிடைப்பதில்லை. சில கணினி எழுத்து வகைகளில் அது மறைந்து அவ்விடத்தில் எம் வந்து உட்கார்ந்துகொள்ளும். உடனே ஆயிரம் மடங்கு கூடிவிடும். மருந்துச் சீட்டில் இதே விபரீதம் நேர்ந்தால் மைக்ரோகிராம் மில்லிகிராமாகிவிடும் என்று அஞ்சி, மருத்துவர்கள் மியூவை எழுதாமல் வார்த்தையை விரித்தே எழுத வேண்டும் என்று பல நாடுகளில் அறிவுறுத்தப்படுகிறது. தமிழிலோ 'மி.வோ.' என்று சுருக்கினால் அது மில்லியா, மைக்ரோவா, மில்லியனா என்று எழுதினவருக்கே மறுநாள் சந்தேகம் வரும். என் அபிப்பிராயம், தமிழில் இவற்றைச் சுருக்கவே கூடாது. மில்லிவோல்ட் என்று முழுதாக எழுத இரண்டு விநாடி ஆகும், ஆகட்டுமே.

வீட்டில் பிள்ளைகள் பழகிப் பார்க்கச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. மின்சார வேலைக்காரர்கள் வைத்திருக்கும் சிறிய மல்டிமீட்டரில், நேர் மின்சாரத்துக்குரிய பகுதியில், 200 மில்லி, 2000 மில்லி, 20 என்று குறிகள் இருக்கும். 1.5 வோல்ட் மின்கலத்தை 2000 மில்லியில் வைத்துப் பார்த்தால் 1500-ஐ ஒட்டி ஓர் எண் வரும். 20-இல் வைத்தால் அதுவே 1.5-ஐ ஒட்டி வரும். 200 மில்லியில் வைத்தால் இடது ஓரத்தில் ஒற்றை 1 மட்டும் நிற்கும். அது ஒரு மில்லிவோல்ட் அன்று. 'என்னால் தாங்க முடியாது' என்று கருவி சொல்லும் பாஷை. ஓர் எலுமிச்சம் பழத்தில் செப்புக் கம்பியையும் துத்தநாகம் பூசிய ஆணியையும் குத்தி அளந்தால் 900 மில்லிவோல்ட் அளவில் கிடைக்கும். டேவி கப்பலில் செய்ததைப் பிள்ளைகள் ஊறுகாய்க்கு வைத்த பழத்தில் செய்துவிடலாம். சுவரில் உள்ள மின்சாரத் துளைப் பக்கம் மட்டும் போகாமல் பெரியவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கப்பலையும் உலையையும் விட்டுவிட்டாலும், மில்லிவோல்ட் நம்மை விடாது. அவற்றை இயக்கும் மனிதனின் நெஞ்சுக்குள்ளேயே அது இருக்கிறது. இருதயம் துடிக்கும்போது உடம்பின் மேற்புறத்தில் உண்டாகும் அழுத்தம் சுமார் ஒரு மில்லிவோல்ட். கைகால்களை உப்பு நீர்ப் பாத்திரங்களில் வைக்கச் சொல்லி அதை வரைபடமாக்கியவர் ஹாலந்து தேசத்து ஐந்தோவன். 1924-இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். ஒரு மில்லிவோல்ட்டுக்குப் பத்து மில்லிமீட்டர் உயரம் என்ற வழக்கம் அந்த நாளிலிருந்து நிலைத்திருக்கிறது. மூளையின் அலைகளோ இன்னும் நுண்ணியவை. பெரும்பாலும் பத்து முதல் நூறு மைக்ரோவோல்ட். 1929-இல் ஹான்ஸ் பெர்கர் அவற்றைப் பதிவு செய்து வெளியிட்டபோது, பலர் நம்ப மறுத்துவிட்டார்கள்.

குடும்பத்தில் நாற்பது வயதைக் கடந்தவர் யாரேனும் இருந்தால், ஈ.ஸி.ஜி. காகிதம் ஒன்று வீட்டில் எங்காவது மடித்து வைக்கப்பட்டிருக்கும். அதை எடுத்துப் பாருங்கள். கோடிட்ட சிறு கட்டம் ஒன்றின் உயரம் ஒரு மில்லிமீட்டர். அதன் மதிப்பு பத்தில் ஒரு மில்லிவோல்ட், அதாவது நூறு மைக்ரோவோல்ட். அலையின் ஒரு குறிப்பிட்ட பகுதி வழக்கமான மட்டத்திலிருந்து அந்த ஒரு கட்டம் உயர்ந்து நின்றாலே, மருத்துவர் மாரடைப்பைப் பற்றி எண்ணத் தொடங்குவார். காகிதத்தின் ஓரத்தில் எதற்கென்று தெரியாத ஒரு செவ்வகம், மேலே சமமாகவும் பக்கங்கள் செங்குத்தாகவும், வரையப்பட்டிருக்கும். நோயாளியின் இருதயம் வரைந்ததன்று அது. யந்திரம் தன் உள்ளிருந்து சரியாக ஒரு மில்லிவோல்ட்டைத் தனக்கே கொடுத்து வரைந்துகொண்டது. அதன் உயரம் பத்துச் சிறு கட்டம் இருக்கிறதா என்று எண்ணுங்கள். அலைகள் பெரிதாகிக் காகிதத்தில் அடங்காமற் போகும்போது சில சமயம் பாதி அளவில் வரையும்படி வைப்பதுண்டு. அப்போது செவ்வகம் ஐந்து கட்டமே இருக்கும், அந்த நூறு மைக்ரோவோல்ட் அரைக் கட்டத்துக்குள் ஒடுங்கிக் கிடக்கும்.